தராசுக்கு முன் நிற்கும் பெண்

இலங்கையின் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் குடியேறியிருக்கிறாள் என்று கேட்டவுடனே, அவள் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவள் என்றும், ஸ்திரீ சுதந்திரம் என்ற ஒன்றை இங்கு வந்தபிறகே கண்டுகொண்டவள் என்றும் எண்ணிக்கொள்வது ஐரோப்பியருக்கு மட்டுமல்ல, நம்மவர்க்கும் வழக்கமாகிவிட்டது. சரித்திரம் இந்த எண்ணத்துக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. இலங்கையில் 1931-ம் வருஷத்திலேயே ஆண் பெண் பேதமின்றிச் சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் குடியிருப்பு நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தபோதிலும், அவற்றை நிறைவேற்றியவள் கொழுந்து பறிக்கிறவளேயானாலும் அவளுக்கும் வாக்கு இருந்தது. ஸ்விட்ஸர்லாந்திலோ, பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கலாமா என்று 1959-ல் ஆண்களிடம் கேட்கப்பட்டபோது, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கூடாதென்றே தீர்ப்பளித்தார்கள். 1971-ல்தான் அவர்கள் மனம் இரங்கிற்று. அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்னும் சின்னஞ்சிறு மாநிலம் அதன் பிறகும் தன் சொந்த விவகாரங்களில் பெண்களைச் சேர்க்க மறுத்து, 1990-ல் சமஷ்டி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே பணிந்தது. பிரசவகால உதவிச் சட்டம் இலங்கையில் 1939-ல் இயற்றப்பட்டது. 1945-லேயே ஸ்விஸ் அரசியல் சாசனத்தில் வாக்குறுதியாக எழுதப்பட்ட அந்த உதவி, இந்த நாட்டுத் தாய்மார்களுக்கு 2005-ல்தான் கைக்கு எட்டியது.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பெருமை கொண்டாடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1947-ம் வருஷத் தேர்தலில், மலைநாட்டுத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அந்தத் தேர்தலில் வாக்களித்ததைப் பற்றி என் அம்மாயி தன் கடைசிக் காலம் வரையில் பேசிக்கொண்டிருந்தாள். மறு வருஷமே, மலைநாட்டுத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. மலைநாட்டுத் தமிழர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து உதிர்ந்தன. 1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மனிதர்களை எண்ணிப் பங்கு வைத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்தி வைத்தது. நாடற்றவர் என்ற நிலைமை சட்டப்படி தீர்வதற்கு 2003-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே, தேயிலைக்காட்டுப் பெண் வாக்கை வைத்திருந்த காலத்தில் ஸ்விஸ் பெண்ணிடம் அது இல்லை; ஸ்விஸ் பெண் அதைப் பெற்றபோது தேயிலைக்காட்டுப் பெண்கள் அநேகரிடம் அது இல்லை. மேலிருந்து இறக்கிக் கொடுக்கப்படும் உரிமையை மேலேயிருப்பவர்கள் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதே இதிலிருந்து நான் அறிந்துகொள்ளும் முதல் பாடம்.

அந்த 'மேலே' என்பது கொழும்பிலும் பெர்னிலும் மாத்திரம் இருப்பதன்று. தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாக இறங்கிவரும் அதிகாரம், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் காம்பராவுக்குள் நுழைந்து அடுப்படியில் வந்து நிற்கிறது. விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைத்து, பிரட்டு என்னும் காலை வருகைப் பதிவுக்குத் தாமதமாகிவிடுமோ என்ற பீதியுடன் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவள், மாலையில் தன் கொழுந்து தராசில் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கவும் தயங்குவாள். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படுவது நியாயந்தானா என்று அவள் கேட்டுவிட்டால் அது வாயாடித்தனம். நிறை குறைந்தால் முழுப் பேர் என்னும் முழு நாள் கூலி, அரைப் பேராகிவிடும். கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிறுப்பவர்களும் எழுதுபவர்களும் ஆண்கள். சம்பள நாளில் அவள் பணத்தைப் புருஷன் வாங்கிக்கொள்வதும் நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற அநீதி 1984-ல், வேலைநிறுத்தத்தின் பயனாகத்தான் ஒழிந்தது. தொழிற்சங்கங்களின் சந்தாவில் பெரும் பகுதியைத் தந்தவர்கள் பெண்களாயிருந்தும், மேடையில் நாற்காலி ஆண்களுக்கே கிடைத்தது. பெண்களுக்கு மாதர் சங்கம் என்ற பெயரில் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது.

இவ்வளவையும் எங்கள் பெண்கள் தலைகுனிந்து சகித்தார்கள் என்று யாரேனும் எழுதினால் அது பொய். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் தாமே பாடிப் பிரசாரம் செய்தவர். எங்கள் ஊவா மாகாணத்திலே, பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில், 1940-ல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, துரையே அந்தச் சபையோடு கலந்தாலோசித்துத் தோட்டத்தை நடத்தும்படி செய்தார்கள். அப்போது வந்த ஆயுதப் போலீஸாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள் என்பதும் வரலாறு. பின்னர் அந்த எழுச்சி கடுமையாக அடக்கப்பட்டது. எனினும், கட்டளையிட ஒருவர் கீழ்ப்படியப் பலர் என்பது இயற்கையின் நியதி அன்று என்பதைக் கூலிகள் என்று இகழப்பட்டவர்கள் பிரத்தியட்சமாக நிரூபித்துக் காட்டினார்கள்.

நான் வந்து சேர்ந்த ஸ்விட்ஸர்லாந்துப் பெண்களின் கதையும் அதையேதான் சொல்லுகிறது. கணவனே குடும்பத்தின் தலைவன், மனைவி வேலைக்குப் போவதற்கு அவன் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் இங்கே 1988 வரையில் அமுலில் இருந்தது. சமத்துவம் சாசனத்தில் ஏறிப் பத்து வருஷமாகியும் வாழ்க்கையில் இறங்காதது கண்டு, கடிகாரத் தொழிற்சாலைப் பெண்கள் சிலரின் யோசனையிலிருந்து தொடங்கி, 1991 ஜூன் 14-ந் தேதி சுமார் ஐந்து லக்ஷம் பெண்கள் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார்கள். இதையே சிறிய அளவில் நானும் கண்டேன்: நான் உத்தியோகம் பார்த்த ஒரு முதியோர் இல்லத்தில், இரவுப் பணியும் ஞாயிற்றுக்கிழமைப் பணியும் அகதியாக வந்தவர்கள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தன. போர்த்துக்கல்லிலிருந்து வந்த ஒரு சகதொழிலாளி, இந்தப் பட்டியலை எந்த விதிப்படி தயாரிக்கிறீர்கள் என்று மேற்பார்வையாளரிடம் நேருக்கு நேர் கேட்டாள். எங்களுக்காக யாரும் கேட்டுத் தரமாட்டார்கள் என்பது விளங்கிய பிறகு நாங்களும் அவளோடு சேர்ந்துகொண்டோம். பட்டியல் மாறிற்று.

வெளியே மாறியது வீட்டுக்குள் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. உணவகத்துச் சமையலறையில் பகல் முழுதும் நின்று அந்நியருக்கு அறுசுவை சமைக்கும் நம் ஆண்மகன், வீட்டுக்கு வந்தவுடன் சோறு எங்கே என்று கேட்கிறான். துப்புரவுப் பணியும் பராமரிப்புப் பணியும் முடித்து வந்த மனைவி எழுந்து பரிமாறுகிறாள். ஊரில் துரைமாருக்கு எதிராகக் கொடி பிடித்த கதையை உற்சாகமாகச் சொல்லுகிறவர்களே, தங்கள் சங்கத்தில் பெண்ணொருத்தி வரவு செலவைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அதிகாரத்தை வெறுக்கிறவன் தன் அதிகாரத்தையும் வெறுக்க வேண்டாமா?

2024 நவம்பரில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் இலங்கைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்தச் சபையில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. அதற்கு, 1931-ல் வாக்குரிமை வந்த பிறகு தொண்ணூற்று மூன்று வருஷங்களாயின. இந்தத் தாமதத்துக்கு அரசாங்கங்களை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் சங்கம் நடத்தும் சகோதரர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த நிர்வாக சபைத் தேர்தலில் வழக்கமாகப் பெண்களுக்கு ஒதுக்கும் குத்துவிளக்கேற்றும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைப் பெண்களின் கையில் கொடுங்கள்.