பழைய கார் வாங்கப் போறீங்களா? ஜமுனாமரத்தூருக்கு ஒருமுறை ஏற்றிப் பாருங்க!

திருவண்ணாமலை மாவட்டம் போளூரிலிருந்து வடமேற்கே கிளம்பினால், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் தலைமை ஊர் இதுதான். பீமன் அருவி, கோலப்பன் ஏரி, கடைகளில் சாமை, தேன், கடுக்காய், சீசனில் பலாவும் சீத்தாப்பழமும் என வார இறுதிக்கு ஏற்ற இடம். கோடை விழா சமயத்தில் கூட்டம் அலைமோதும்.

சுற்றுலா வருபவர்களுக்கு இது ஒரு நாள் பயணம். மலையில் வாழும் குடும்பங்களுக்கோ இது வாழ்க்கைப் பாதை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் கீழே இறங்கியாக வேண்டும். நடுவழியில் வண்டி நின்றால் பக்கத்தில் மெக்கானிக் கடை இருக்காது. செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. அதனால் இந்த மலைக்கு ஓட்டுவதற்காகப் பத்து, பன்னிரண்டு வருடப் பழைய கார் வாங்குபவர்கள், பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சமவெளியில் நன்றாக ஓடும் கார், மலையில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும். எப்படிச் சோதிப்பது?

மலை ஏறும் முன்...

முதல் சோதனை கீழேயே முடிய வேண்டும். காரைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் முக்கியம்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் போல வெள்ளையாகப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு உண்டு. செலவு பெரிது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் மலைக்கு ஆகாது.

மிதியடியைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா எனப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின.

சமதளத்தில் நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெடல் பஞ்சு போல அமுங்கினாலோ மலையேறவே வேண்டாம்.

ஏறும்போது...

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டெம்பரேச்சர் முள். ஏற்றத்தில் கொஞ்சம் உயர்ந்து ஒரே இடத்தில் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் ஆகியவற்றில் எங்கோ கோளாறு. இன்னொன்று, கிளட்ச். இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் வேகமெடுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

உச்சியில்...

ஜமுனாமரத்தூரில் டீ குடிக்க நிறுத்தும்போது, சுத்தமான தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். கால் மணி நேரம் கழித்து வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஆயில் சொட்டோ, பச்சை நிறக் கூலன்ட் சொட்டோ விழுந்திருக்கிறதா? ஏ.சி. தண்ணீர் என்றால் கவலையில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இறங்கும்போது...

நிஜமான பரீட்சை இதுதான். ஏறிய அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். அப்போது பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. எனவே, ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் மலைக்கே கிளம்ப வேண்டும்.

பேப்பர்கள் சரியா?

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கேளுங்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 தேவை. விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவர்களும் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான். அதன்பின் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க, 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. 14 வருடக் காரை மலிவாகத் தருகிறார்கள் என்றால், இந்தச் செலவையும் எஃப்.சி.க்கு ஆகும் ரிப்பேர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வயது மட்டுமே குறையல்ல!

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில், 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1972-ல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி, 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த ஆய்வில் பங்கு வகித்தது. 2022-ல் பொன்விழாவும் கண்டது. ஒழுங்காகப் பராமரித்தால் பழைய இயந்திரமும் உழைக்கும். காரும் அப்படித்தான். அதனால் கிலோமீட்டர் மீட்டரைவிட சர்வீஸ் பில்களை நம்புங்கள்.

டயர், பேட்டரி, பிரேக் பேட் போன்றவை தேய்ந்திருந்தால், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஆனால் இன்ஜின் கொதிக்கிறது, அடிப்பாகம் துருவில் அரித்துவிட்டது, சேஸிஸ் எண் பொருந்தவில்லை என்றால் பேரமே வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்காமல், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.