இருக்க முடியாத நோவு

சொல்ல வெட்கப்பட்டுப் பல வருடங்கள் நான் மறைத்து வைத்த ஒரு நோவைப் பற்றி எழுதுகிறேன்.

2009 இல் மாத்தளனில் இருந்தோம். சேலைகளைப் பையாகத் தைத்து, மண் நிரப்பி அடுக்கிய பதுங்குகுழி. செல் சத்தம் கேட்டுக் குதித்தபோது உள்ளே இருந்த இரும்புப் பெட்டியின் விளிம்பில் இருந்தபடி விழுந்தேன். உயிர் தப்பியதே பெரிது. நோவை யார் பார்த்தது?

பிறகு ஹெந்தளைக்கு வந்து, தங்கச்சி வீட்டில் தையல் வேலை தொடங்கினேன். மெஷினில் பத்து நிமிடம் இருந்தால் முதுகெலும்பின் அடிநுனியில் குத்தும். எழும்பும்போது இன்னும் கூடும். வத்தளை பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் போவேன். கேட்டவர்களிடம் "நாரி நோவு" என்று சொல்லித் தைலம் பூசினேன். ஓரிடத்தில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "ஒன்றுமில்லை, மனக்கவலைதான்" என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

கடைசியில் ஒரு பெண் டொக்டர், "நோகிற இடத்தை ஒரு விரலால் காட்டுங்கோ அக்கா" என்றார். காட்டினேன். "இது நாரி இல்லை, வால் எலும்பு" என்றார். நின்றபடி ஒன்று, இருந்தபடி ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். இருக்கும்போது அந்த எலும்பு அளவுக்கு மிஞ்சி அசைவது தெரிந்தது. படுத்து எடுத்த படத்தில் இது தெரியாமல் போகலாம். மலவாசல் வழியாக விரலால் சோதிப்பதும் உண்டு. அப்போது பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். விருப்பமில்லையென்றால் மறுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு.

இது கற்பனை நோயல்ல. 1859 இலேயே ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூட வருகிறது. விழுவதாலும் பிள்ளைப்பேற்றாலும் வரலாம்.

எனக்குக் கத்தி வைக்கவில்லை. பின்பக்கம் வெட்டுவிட்ட மெத்தை ஒன்றைத் தங்கச்சி பழைய ஸ்பொஞ்சில் செய்து தந்தாள். அதில் எலும்பு எங்கும் முட்டாது. இருபது நிமிடத்துக்கு ஒருதரம் எழும்புகிறேன். இருக்கும்போது சற்று முன்னே சாய்ந்து இருக்கிறேன். சுடுநீர் ஒத்தடம் பிடிக்கிறேன். மலம் இறுகாமல் கீரையும் தண்ணீரும் எடுக்கிறேன். பெரும்பாலானோருக்கு இவ்வளவே போதும். மாறாவிட்டால் அந்த இடத்தில் ஊசி போடுவார்கள். எலும்பை எடுக்கும் சத்திரசிகிச்சை கடைசி வழி.

ஆனால் காய்ச்சல், வீக்கம், சீழ், உடல் மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு நோவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். கால் விறைத்தாலோ, சலம் மலம் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நோவு எனக்கு முற்றாகப் போய்விடவில்லை. ஆனாலும் இப்போது நாளுக்கு இரண்டு சட்டை தைக்கிறேன், பஸ்ஸில் இருந்து போகிறேன். நோகிற இடம் எதுவாக இருந்தாலும் வெட்கப்படாமல் விரல் வைத்துக் காட்டுங்கள்.