கருவி யார் கையில்?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, திருக்கோவில் தொடக்கம் கல்முனை வரை வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: உயர்தரத்துக்குப் பயோவா, மேத்ஸா? கணிதத்தில் ஏ எடுத்த பெண் பிள்ளைக்கும் பதில் பெரும்பாலும் முன்கூட்டியே தயாராக இருக்கும். பயோ எடுத்தால் டொக்டர். அது தப்பினாலும் தாதி, ஆசிரியை, ஆய்வுகூட உத்தியோகம் என்று தெரிந்த தொழில்கள் வரிசையில் நிற்கின்றன. மேத்ஸ் என்றால் எஞ்சினியரிங். அது பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமா என்று வீடு யோசிக்கும். அந்த யோசனைக்குப் பதில் சொல்ல வருகிறவர்களும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்: பெண்ணால் முடியும், துணிந்து போ என்று ஊக்கம் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார்கள். தொழிலுக்குள் இருந்து பார்க்கிறவருக்கு அந்த வாசல் அவ்வளவு பெரிய விடயமல்ல. உள்ளே போன பிறகு நான்கு வருடமும் அவள் கையில் கருவி இருந்ததா, குறிப்பேடு மட்டும் இருந்ததா என்பதைப் பொறுத்தே அவள் பொறியியலாளர் ஆவதும் வெறும் பட்டதாரியாக வெளியே வருவதும்.

முடியுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது. சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் 1943இல் மின்பொறியியல் முடித்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவர். அதே காலத்தில் அங்கே சிவில் படித்த பி. கே. த்ரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியியலாளர் ஆனார். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளரும் ஒரு தமிழ்ப் பெண்தான்: 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பிரேமளா சிவசேகரம். இன்றைய அனுமதி முறையிலும் ஆண், பெண் என்று வேறு அளவுகோல் இல்லை. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே இசட் புள்ளிக் கணக்கு. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. நாட்டின் பல்கலைக்கழகங்களில் படிப்போரில் பெண்களே அதிகம். ஆனாலும் பொறியியற் பீடங்களில் அவர்கள் இன்னும் சிறுபான்மை. அந்தத் தொகை பல்கலைக்கழகத்தில் குறையவில்லை. பதினாறு வயதில், வீட்டு விறாந்தையில் குறைகிறது.

அதைத் தாண்டி வருகிறவளுக்குக் காத்திருப்பது என்ன? இந்தப் படிப்பின் பெரும்பகுதி விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, குழுவாகச் செய்யும் வேலையில் நடக்கிறது. நில அளவைக் களப்பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் லெவல் கருவியை முக்காலியில் பூட்டி, குமிழி நடுவுக்கு வரும்வரை திருகுகளைத் திருப்பிச் சமப்படுத்துவார். இன்னொருவர் தூரத்தில் ஸ்டாஃப் கோலை நிமிர்த்திப் பிடிப்பார். மற்றொருவர் வாசிப்பைப் பதிவார். எழுத்து அழகு என்ற காரணத்தால் அந்தப் பதிவேடு பெண்ணிடம் போய்ச் சேரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுப்பதில்லை, அவளும் மறுப்பதில்லை, அடுத்த பயிற்சியில் அதுவே வழக்கமாகிவிடும். மட்டம் பார்த்துக்கொண்டே போய், தொடங்கிய புள்ளிக்குத் திரும்பும்போது விடை பூச்சியமாக வருவது அபூர்வம். ஒரு கிலோமீற்றர் சுற்றுக்கு 12 மில்லிமீற்றர் வித்தியாசத்தைச் சாதாரண வேலைகளில் பொறுத்துக்கொள்ளலாம். 40 மில்லிமீற்றர் வந்தால்? பதிவேட்டின் அடியில் ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கழித்துச் செய்யும் சரிபார்ப்பு, கணக்குப் போட்டது சரியா என்று மட்டும் சொல்லும். மணலில் ஊன்றிய கோல் கொஞ்சம் இறங்கியதையும், கடற்காற்றில் அது சாய்ந்ததையும், முக்காலியின் ஒரு கால் அமிழ்ந்ததையும் தாள் சொல்லாது. கருவிக்குப் பின்னால் நின்றவருக்கும் கோலைப் பிடித்தவருக்கும்தான் அது தெரியும். எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்ற அறிவே இந்தத் தொழிலின் உயிர். அது கையின் வழியாகத்தான் தலைக்கு ஏறும்.

வேலையைப் பிரித்துச் செய்வதில் என்ன பிழை, குழுவுக்குப் புள்ளி வந்தால் போதாதா என்று கேட்கலாம். தொழிலில் வேலை பிரித்துத்தான் நடக்கிறது, உண்மை. ஆனால் கையெழுத்துப் போடுகிற பொறியியலாளர் அந்த எல்லா வேலையையும் ஒருமுறையாவது செய்தவராக இருக்க வேண்டும்; அப்போதுதான் மற்றவரின் பிழை அவர் கண்ணில் படும். படிக்கும் காலத்தில் முறைவைத்து மாற்றிக்கொள்ளாவிட்டால் அந்த வாய்ப்பு பிறகு வராது. உடல் பலம் வேண்டுமே என்பதும் அளந்து பார்த்தால் நிற்காத வாதம். சோதனைக்கு வார்க்கும் 150 மில்லிமீற்றர் கொங்கிரீட் கட்டி ஏறத்தாழ எட்டுக் கிலோ. வீட்டில் தூக்கும் தண்ணீர்க் குடம் அதைவிடப் பாரம். ஸ்லம்ப் சோதனையில் கூம்பை மூன்று படையாக நிரப்பி, ஒவ்வொன்றையும் கம்பியால் 25 தரம் குத்தி, பிறகு சாயாமல் நேரே மேலே தூக்க வேண்டும். அங்கே தேவைப்படுவது நிதானம். வேலைத்தளப் பட்டறையில் உடை இடைஞ்சல் என்பார்கள். கடைசல் இயந்திரத்தின் கிட்ட தொங்கும் எதுவும் ஆகாதுதான். பர்தாவின் நுனியையும் பின்னலையும் ஓவரோலுக்குள் செருகிக்கொண்டால் காரியம் முடிந்தது. ஆண்களின் கழுத்துப்பட்டிக்கும் நீளக் கைக்கும் அதே விதிதான்.

கருவியைப் போலவே நழுவிப்போகும் இன்னொன்று குப்பி. பரீட்சை நெருங்கும்போது பட்ச்சில் விளங்கியவர் விளங்காதவருக்கு, அல்லது சீனியர் ஜூனியருக்கு, பழைய வினாத்தாளை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அந்த வகுப்புகளில்தான் பலருக்குப் பாடம் உண்மையில் விளங்குகிறது. அவை பெரும்பாலும் இரவில் நடக்கும். பெண்கள் விடுதிக்கு வாசல் அடைக்கும் நேரம் உண்டு. மொழியும் ஒரு தடை: அனுமதி நாடு முழுவதற்கும் பொது என்பதால், ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்தாலும் குழுவில் சிங்களம் பேசுகிறவர்கள் இருப்பார்கள். பாடமோ ஆங்கில மொழிமூலம். ஆக, தமிழ் மூலம் படித்து இந்த அம்பாறைக் கரையிலிருந்து போகும் பெண், பேச்சு எந்த மொழியில் ஓடினாலும் ஓரத்தில் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. அதற்கு மருந்து ஒதுங்குவதல்ல. குப்பியைப் பகலுக்கோ நூலகத்துக்கோ மாற்றச் சொல்லிக் கேட்கலாம். விளங்கிய பாடத்தைப் பெண்கள் விடுதியிலேயே ஒருத்தி எடுக்கலாம். சொல்லிக்கொடுக்கிறவளே அதிகம் கற்கிறாள். சீனியரிடம் போனால் பகிடிவதை என்று பயந்து ஒதுங்கவும் தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

இனி வீட்டின் ஆட்சேபம். இவ்வளவு படித்தும் ஊரில் வேலை எங்கே, சைட்டில் பெண் எப்படி நிற்பது, கலியாணம் எப்படி? முதலாவது நியாயமான கேள்வி. இந்தக் கரையில் தனியார் துறை சிறிது. நீர்ப்பாசனம், வீதி, நீர்வழங்கல், மின்சாரம் என்று அரச நிறுவனங்களை நம்பியே இருக்க வேண்டும், அல்லது கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டும். அதனால்தான் பட்டத்தின் தரத்தை முதலிலேயே விசாரிக்க வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பானது. அந்த நிறுவனம் அங்கீகரித்த பாடநெறியை மற்ற உறுப்பு நாடுகளும் ஈடாக மதிக்கும். சைட்டில் உள்ள கஷ்டமும் பொய்யல்ல: கழிப்பறை இல்லை, இருட்டிய பிறகு வாகனம் இல்லை. இவை ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதினால் தீரும் குறைகள். அவற்றைப் பெண்ணின் குறையாகக் கணக்கு வைப்பது அநியாயம். கலியாணத்தைப் பொறுத்தவரை, டொக்டருக்குப் படிக்கும் பெண்ணுக்கு அதைவிட நீண்ட காலம் காத்திருக்கச் சம்மதிக்கும் வீடு, இங்கே மட்டும் நாள் பார்ப்பது பொருந்தாது.

இந்தக் கரைக்குப் பொறியியல் வெளியூர்ச் சமாச்சாரமும் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை கடந்து போனால் ஒலுவில். அங்கேதான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கிறது, 2013இல் திறந்த துறைமுகமும் இருக்கிறது. கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. துறைமுக வாய் மணலால் அடைபட்டது. வடக்கே மணல் வரத்து நின்று, ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. தென்னைகளும் காணிகளும் போயின. மீன்பிடித் தோணி போக வழி இல்லாமல் போனதைக் கரையில் நின்றவர்கள் கண்ணால் கண்டார்கள். தாளில் சரியாக வந்த கணக்கு மணலில் எப்படிப் பிழைக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய பாடம் மாணவருக்குக் கிடைக்காது. இந்த மணலையும் சாகாமக் குளத்துத் தண்ணீரையும் சிறுவயதிலிருந்து அறிந்தவர்களில் பாதிப்பேரை அளக்கும் வேலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிறகு வெளியூரார் பிழையாக அளந்தார்கள் என்று முறையிடுவதில் பயனில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கணிதம் பிடித்த பிள்ளையைப் பயோவுக்குத் திருப்பாதீர்கள். பிடிக்காத பிள்ளையைப் பெருமைக்காக மேத்ஸுக்கு அனுப்பவும் வேண்டாம். பாடசாலைகளுக்கு: பௌதிகவியல் செய்முறையில் கருவியை மாணவிகள் முறைவைத்துத் தொடட்டும். போகப்போகிற தங்கைக்கு: முதல் வாரக் களப்பயிற்சியிலேயே, பதிவேடு ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் கையில் என்று குழுவோடு பேசி முடித்துவிடு. தொழிற்பயிற்சிக்கு எங்கே போகிறாய் என்று கேட்டால், அலுவலகத்தைச் சொல்லாமல் சைட் என்று சொல். உன் எழுத்து அழகாக இருக்கலாம். அதற்காக லெவலை விட்டுக்கொடுக்காதே.