ஹருத்: பனி முந்தினால் ஆபத்து

செப்டம்பர் பாதியைத் தாண்டியதுமே காஷ்மீர் பள்ளத்தாக்கில் பகலுக்கு வெயில், இரவுக்குக் கம்பளி என்றாகிவிடுகிறது. இந்தப் பருவத்துக்கு உள்ளூரில் ஹருத் என்று பெயர். அக்டோபர் கடைசியில் சினார் மரங்கள் சிவப்பதைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கோ உதிர்ந்த இலைதான் முக்கியம். கூட்டிக் குவித்து எரித்தால் கரி கிடைக்கும். குளிர்காலம் முழுக்க ஃபிரனுக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டிக்கு அதுவே எரிபொருள்.

பொதுவாக இது வறண்ட பருவம். நெல் அறுக்க, வாதுமை உலர்த்த அது வசதி. ஆனால் பாம்போர் குங்குமப்பூ வயல்களுக்கு, பூப்பதற்கு முன்பே ஓரிரு நல்ல மழை வேண்டும். ஒரு கிலோ குங்குமப்பூவுக்குச் சுமார் 1.5 லட்சம் பூக்களைக் கையால் பறிக்க வேண்டும். மழை பொய்த்தால் பூவே குறைவு.

மழை மிஞ்சினாலும் வம்புதான். 2014 செப்டம்பரில் ஜீலம் பெருகி ஸ்ரீநகரை மூழ்கடித்தது. 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் ஜம்மு நெடுஞ்சாலை துண்டிக்கப்பட, லாரிகளிலேயே ஆப்பிள்கள் அழுகின.

தோட்டக்காரர்கள் மிகவும் அஞ்சுவது முந்தி வரும் பனிக்குத்தான். இலை உதிர்ந்த மரத்தில் பனி தங்க இடம் குறைவு. இலையோடு நிற்கும் மரத்திலோ அது மூட்டையாகச் சேரும், கிளை முறியும். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே அப்படிப் பனி கொட்டியது. புதிதாக நட்ட மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் மேற்கத்தியக் காற்றலை வருகிறது என்று வானிலை மையம் அறிவித்தால், சோப்பூரில் பழம் பறிப்பது அவசர அவசரமாக நடக்கிறது.