பழைய வண்டிக்கு என்ன விலை?

போன மாசம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கினேனுங்க. 2016 மாடல். கோயம்புத்தூர்ல இருக்கற சினேகிதர் ஒருத்தர்கிட்டச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு குறைச்சுப் பேசுனீங்க?" 36,500ன்னு சொன்னதும், "இன்னும் நாலாயிரம் குறைச்சிருக்கலாமே"ன்னார். குறைச்சிருக்கலாம்தான். குறைச்ச வரைக்கும் எதை வெச்சுக் குறைச்சேன், அதுக்கு மேல ஏன் போகலைங்கறதை இங்க எழுதி வெக்கறேன். பழைய வண்டி தேடிட்டு இருக்கறவங்களுக்கு உதவட்டும்.

எங்க தோட்டம் கிணத்துக்கடவுப் பக்கம். பால் கேன், சோளத்தட்டுக் கட்டு, உர மூட்டை எல்லாத்துக்கும் எக்ஸெல் போதும். ஆனா பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வாரத்துக்கு மூணு தடவை போயிட்டு வர்றதுக்கு இடுப்பு தாங்கறதில்லை. புது வண்டி வாங்கற அளவுக்குக் கையில காசும் இல்லை. அப்பத்தான் பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் வண்டியைக் குடுக்கறாருன்னு தரகர் வந்து சொன்னார்.

விலை பேசறதை நான் கத்துக்கிட்டது எங்க அப்பாருகிட்ட. அவரு பேசினதெல்லாம் மாட்டுக்கு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில பார்த்திருப்பீங்க, கைமேல துண்டைப் போட்டு மூடிட்டு, உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. பிடிக்கற விரல்தான் தொகை. சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தருக்கும் தெரியாது. இதுல யாவார ரகசியம் ஒரு பக்கம் இருக்கு, கவுரவம் ஒரு பக்கம் இருக்கு. குறைச்சுக் கேட்டவனுக்கும் அவமானம் இல்லை, கட்டாதுன்னு சொன்னவனுக்கும் அவமானம் இல்லை. துண்டை எடுத்துட்டா ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கப் போவாங்க. அப்பாரு ஒண்ணு சொல்லுவாரு: "மாட்டுக்கு விலை பேசு, மனுசனோட கஷ்டத்துக்குப் பேசாதே."

மாடு பார்க்கறவங்க முதல்ல வாயைப் பிரிச்சுப் பல்லைப் பார்ப்பாங்க. கீழ்த்தாடையில முன்பல்லு எட்டு. ஏறக்குறைய ரெண்டு வயசுல முதல் ஜோடிப் பால்பல் விழுந்து புதுசு முளைக்கும். அப்புறம் நாலு, ஆறு, எட்டுன்னு போகும். எட்டும் முளைச்சதுக்கப்புறம் வயசைக் கணிக்கறது கஷ்டம். வண்டிக்கும் அதே கதைதான். மீட்டர்ல 41,000 கிலோமீட்டர்னு இருந்துச்சு. ஆனா கேபிள்ல ஓடற மீட்டரைக் கழட்டிவிட்டா வண்டி ஓடும், கணக்கு ஓடாது. அதனால மீட்டரை மட்டும் நம்பாம, தேயறதையெல்லாம் பார்க்கணும். பிரேக் பெடல், கால் வெக்கற ரப்பர், கைப்பிடி, சாவி போடற ஓட்டை. செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பல்லு இருக்குதுங்களே! அது கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா செயின் செட்டுக்கு ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இந்த வண்டியில வளைஞ்சிருந்துச்சு.

போனதும் நான் செஞ்ச முதல் காரியம் இன்ஜின் மேல கையை வெச்சுப் பார்த்ததுதான். சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம். குளிர்ந்த இன்ஜின் எத்தனை உதையில எந்திரிக்குதுங்கறதுதான் நிசமான சோதனை. இது ரெண்டாவது உதையில எந்திரிச்சுது. சைலன்சர்ல நீலப்புகை இல்லை. இருந்திருந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், செலவு பெருசா வரும். முன் ஃபோர்க்குல எண்ணெய்க் கசிவு இல்லை. சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோட ஒத்துப்போச்சு. கடன் பாக்கி எதுவும் ஆர்.சி.யில இல்லை. பதிவு 15 வருசத்துக்கு, அதாவது 2031 வரைக்கும் செல்லும். அதுக்கப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்.

பெரியவர் 45,000 சொன்னார். கோடைக்கு முன்னாடி ஒரு கடைக்காரர் அந்த விலைக்கு எடுத்துக்கறேன்னாராம்.

"ஏனுங் ஐயா, அது புது வண்டிக்கு வரி 28 இருந்தப்பச் சொன்ன விலைங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் வரி 18 ஆயிருச்சுங்க. 128 ரூவாய்க்கு வித்தது இப்ப 118. புதுசு இறங்குனா பழசும் இறங்குமல்லங்க?"

அவர் கொஞ்ச நேரம் மோட்டாரு ரூமையே பார்த்துட்டு இருந்தார். "செரி தம்பி, 42ன்னு வெச்சுக்க"ன்னார். நூத்துக்கு எட்டுன்னு கணக்குப் போட்டா 41,400. அறுநூறு ரூவாய்க்கு நான் இழுக்கலை.

அப்புறம் செலவுக் கணக்கை ஒரு காகிதத்துல எழுதி அவர் கையிலயே குடுத்தேன். பின் டயர் 1,800. செயின் செட் 1,200. பேட்டரி 1,000. இன்சூரன்ஸ் முடிஞ்சு கிடந்துச்சு; அதுக்கும் பேர் மாத்தற செலவுக்கும் சேர்த்து 1,500. ஆக மொத்தம் 5,500. "இதைக் கழிச்சுட்டு 36,500ங்க" என்றேன். அவர் டயரைக் குனிஞ்சு பார்த்தார், செயினை இழுத்துப் பார்த்தார். ஒத்துக்கிட்டார்.

தரகர் என்னைத் தென்னமரத்துக்கு அக்கட்டால கூட்டிட்டுப் போய்க் காதுல சொன்னார்: "போர் மோட்டார் புகைஞ்சு போச்சுங்க. இருவது நாளா மரத்துக்குத் தண்ணி இல்லை. நாளைக்கே காயில் கட்டக் குடுக்கணும், கையில காசு இல்லை. சித்தெ பொறுங்க, 32க்கு நான் முடிச்சுத் தர்றேன்."

அவர் சொன்னது உண்மைதான். வாய்க்கால் வறண்டு கிடந்துச்சு, குரும்பை உதிர்ந்து கிடந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் போயிருந்தா 32க்கே குடுத்திருப்பார். ஆனா அந்த 4,500 வண்டியில இருக்கற குறைக்கான காசு இல்லைங்க. அவர் மோட்டார் புகைஞ்சதுக்கு எனக்குக் கிடைக்கற காசு. எங்க போரும் ஒரு நாளைக்குப் புகையும். அன்னைக்கு என் மாட்டைப் பிடிக்க வர்றவன் இதே கணக்கைப் போடுவான். தரகருக்குச் சேர வேண்டியதைக் குடுத்து அனுப்பிட்டு, 36,500ஐ எண்ணிக் குடுத்தேன்.

விலையை விட முக்கியமான இன்னொண்ணு இருக்கு. நம்ம பக்கம் பாதி வண்டி பேர் மாத்தாமயே கைமாறுது. எழுதாத படிவத்துல கையெழுத்தை வாங்கித் தரகர் பையில வெச்சுக்குவார், அடுத்து யார் வாங்கறாங்களோ அவங்க பேரைப் போட்டுக்கலாம்னு. வித்தவரும் "காசு வந்துருச்சு, விடு"ன்னு மறந்துருவார். இதுல மாட்டிக்கறது வித்தவர்தான். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல இதைத் தெளிவாச் சொல்லிருச்சு. 2007ல ஒருத்தர் வித்த வண்டி, பேர் மாறாம பல கை மாறி, 2009ல விபத்து ஆகி ஒரு உசுரு போச்சு. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்னு தீர்ப்பு. வித்து ரெண்டு வருசம் ஆனவர் தலையில வந்து விடிஞ்சுது.

இதைப் பெரியவர்கிட்டச் சொன்னேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கலை. முன்னாடி ஒரு எக்ஸெல்லை வித்தப்ப வெறும் படிவத்துலதான் கையெழுத்துப் போட்டிருக்கார். அது இப்ப யார்கிட்ட ஓடுதுன்னே தெரியாதாம். சித்த நேரம் பேச்சே வரலை அவருக்கு.

நாங்க அன்னைக்கே படிவம் 29, 30 ரெண்டையும் முழுசா நிரப்பி, தேதி போட்டு, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம். வண்டி குடுத்த தேதியும் நேரமும் எழுதின காகிதம் ஆளுக்கொண்ணு. வித்தவர் 14 நாளைக்குள்ள ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்கணும். வாங்கினவரும் அதே 14 நாளைக்குள்ள இன்சூரன்ஸைத் தன் பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். என் வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லாததால, புதுசா என் பேருக்குப் போட்டுட்டுத்தான் ரோட்டுல இறக்கினேன். அவரோட பழைய எக்ஸெல் நம்பரையும் வாங்கிட்டு வந்திருக்கேன், யார்கிட்ட இருக்குன்னு விசாரிக்கணும்.

நேத்து மெக்கானிக்கிட்ட விட்டேன். 1,200ன்னு சொன்ன செயின் செட் இப்ப 1,350ங்கறார். அதுக்காகப் பெரியவர்கிட்டப் போய் நூத்தம்பது கேக்க முடியுங்களா? துண்டை எடுத்தாச்சு, விலை முடிஞ்சுபோச்சு.