செவியால் ஓட்டிய வண்டி

தொழில் எதுவாயினும் அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஏட்டில் எழுதப்பெற்ற இலக்கணத்தைக் கற்றோர் போற்றுகின்றனர். காலந்தோறும் உரை வகுத்துக் காக்கின்றனர். ஏட்டில் ஏறாது கையிலும் காலிலும் செவியிலும் வாழ்ந்து, உரியவரோடு மண்ணுக்குள் மறைந்துபோகும் இலக்கணங்களோ எண்ணிலடங்கா. அத்தகைய இலக்கணம் ஒன்றை அறிந்திருந்த ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றோம். அவர் புலவர் அல்லர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கண்டவரும் அல்லர். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டிக் கட்டுகளையும் பருத்திப் பொதிகளையும் ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர். எம் தந்தையார்.

தமிழ்த்துறை மலரில் லாரிக்கு என்ன வேலை என்று சான்றோர் வினவலாம். சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். எமக்குப் புணர்ச்சி இலக்கணத்தை முதன்முதலில் உணர்த்தியது ஒரு லாரியே.

வண்டியின் இஞ்சின் ஒரு வேகத்தில் சுழல்கிறது. சக்கரங்கள் வேறொரு வேகத்தில் சுழல்கின்றன. இவ்விரண்டையும் பொருத்திவைப்பவை கியர்ப் பெட்டியிலுள்ள பல்சக்கரங்கள். இஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே நின்று, வேண்டும்போது அவற்றைப் பிரித்தும் சேர்த்தும் வைக்கும் உறுப்பே கிளட்ச். பிரான்சு நாட்டுப் பானார் லெவாசோர் நிறுவனத்தார் 1891-ஆம் ஆண்டளவில் நகரும் பல்சக்கரங்களைக் கொண்ட கியர்ப் பெட்டியைத் தம் காரில் அமைத்தனர். வேகம் ஒவ்வாத இரண்டு சக்கரங்கள் அதில் சந்தித்தால் பல்லோடு பல் மோதிக் கரகரவென்று ஓலமிடும். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. பற்கள் கூடுவதற்கு முன்பே இரண்டின் வேகத்தையும் சமன்செய்யும் ஒத்திசைவு வளையமே அது. அவ்வளையம் இல்லாத கியர்ப் பெட்டிகள் நம் நாட்டு லாரிகள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தன. அவற்றை ஓட்டியவர்கள் 'டபுள் கிளட்ச்' என்னும் முறையைக் கைக்கொண்டனர். கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வருவார்கள். கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்கு இறங்குவதாயின் சற்றே ரேஸ் கொடுப்பார்கள். மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுவார்கள். வளையம் செய்யவேண்டிய வேலையை ஓட்டுநரின் காலும் காதும் செய்தன.

எம் தந்தையார் பதினான்கு வயதில் கிளீனராகச் சேர்ந்து, இக்கலையை அடியும் திட்டும் வாங்கிப் பயின்றவர். இஞ்சினின் சுழல்வேகத்தைக் காட்டும் கருவி அவர் ஓட்டிய வண்டியில் இல்லை. செவியே அவருக்குக் கருவி.

கரிசல் நிலம் அச்செவிக்கு ஓயாது வேலை கொடுத்தது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் அம்மண், மழை பெய்தால் உப்பிக் களியாகும். இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் மண் அசைவதனால் அதன்மேல் இட்ட சாலை அலையலையாய் மேடுபள்ளம் கொள்ளும். சாலையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் ஈரக் கரிசல் எளிதில் விடாது. அங்கே வண்டி ஓட்டுவது கியரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதாகும்.

1992-ஆம் ஆண்டின் ஐப்பசி மழைக்காலம். எமக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையாதலால் தூத்துக்குடிக்குத் தீப்பெட்டி இறக்கச் சென்ற தந்தையாருடன் யாமும் சென்றிருந்தோம். திரும்புகையில் வண்டி வெறுமையாக வந்தது. உமறுப் புலவர் அடங்கியதும் பாரதியார் பிறந்ததுமான எட்டயபுரத்தைக் கடந்த சிறிது நேரத்தில் கிளட்ச் பெடல் தளர்ந்து பலகையோடு ஒட்டிக்கொண்டது. இணைப்பு முறிந்துவிட்டது. இருள், மழை, இருபுறமும் களி. கோவில்பட்டியோ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால்.

கிளீனர் அண்ணன் பதறினார். தந்தையார் பதறவில்லை. "நின்னாத்தான் கஷ்டம், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். பிறகு நிகழ்ந்ததை யாம் இன்றும் மறக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினார். பல்லின் மேலிருந்த சுமை நீங்கிய அந்த நொடியில் கியர் ராடு எவ்வித முனகலுமின்றி நியூட்ரலுக்கு வந்தது. அடுத்ததை அவர் உடனே போடவில்லை. தலையைச் சாய்த்து இஞ்சினின் ஒலி தணிந்து இறங்குவதைக் கேட்டார். ஓரிடத்தில் விரல்களால் மெல்லத் தள்ளினார். மேல்கியர் வழுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. கீழ்க்கியருக்கு இறங்க வேண்டியபோது முறை மாறிற்று. நியூட்ரலில் வைத்துச் சற்றே ரேஸ் கொடுத்து, ஒலியை உயர்த்தி, அது உரிய படியைத் தொட்டதும் தள்ளினார்.

வழியில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கிட்டது. நியூட்ரலுக்கு இழுத்து, பிரேக் போட்டு, இஞ்சினையும் அணைத்துவிட்டார். இனி எப்படிக் கிளம்புவது என்று யாம் மருண்டோம். மந்தை கடந்து சாலை வெறிச்சோடிய பின்னர், முதல் கியரைப் போட்டுவிட்டுச் செல்ஃபைத் திருகினார். வெறும் வண்டியாதலால், உசுப்பிவிட்ட காளை போல் ஒரு குலுங்கு குலுங்கி, நகர்ந்துகொண்டே இஞ்சினும் உயிர்பெற்றது.

வீடு சேர்ந்ததும், "வாப்பா, கிளட்ச் இல்லாமலேயே ஓட்ட முடியும்னா அது எதுக்கு?" என்று வினவினோம். "முடியும்ங்கிறதுக்காகச் செய்யக் கூடாது. கிளட்ச் இருக்கையில இப்படி ஓட்டுறவன் கியர்ப் பல்லைத் தின்னுருவான். இது முட்டுக்கு மட்டும்" என்றார். சற்றுக் கழித்து, "நாம போய்த் தள்ளக் கூடாது, தம்பி. சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருக்கணும். நேரம் வந்தா அதுவா உள்ள விழும்" என்றும் சொன்னார்.

பின்னாளில் வகுப்பறையில் புணர்ச்சி பயின்றபோது இச்சொற்கள் எம் செவியில் ஒலித்தன. மணி என்பதும் அடித்தான் என்பதும் நேரே கூடமாட்டா. இடையே யகர உடம்படுமெய் வந்து மணியடித்தான் என்று சேர்த்துவைக்கிறது. உடம்படாத இரண்டை உடம்படுத்தும் அம்மெய் எமக்குக் கிளட்சாகவே தோன்றிற்று. பொன் என்பதும் மலை என்பதும் கூடும்போது இடையே எதுவும் வேண்டப்படுவதில்லை. பொன்மலை என்று இயல்பாய்ப் புணர்கின்றன. அம்மழையிரவில் தந்தையார் நிகழ்த்தியது இயல்பு புணர்ச்சி. அதற்கு ஈறும் முதலும் ஒத்து நிற்கும் இடம் தெரிய வேண்டும்.

இவ்வளவு நயம் கண்ட யாம், நன்றி காணத் தவறினோம். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

1997-ஆம் ஆண்டு இளங்கலைச் சேர்க்கைக்கு விண்ணப்பம் நிறைவு செய்தோம். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் எம் பேனா நின்றது. உடனிருந்த மாணவர்கள் ஆசிரியர், வணிகர், அரசு ஊழியர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யாம் 'வணிகம்' என்று எழுதினோம். படிவத்தில் கையொப்பம் இடவேண்டியவர் தந்தையார். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவர். படிவத்தை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார், ஓரிடத்தில் விரல் தயங்கியது போலிருந்தது, கையொப்பமிட்டுத் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் லாரி ஓட்டிய பணத்தில் முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்று, யாம் விரிவுரையாளர் ஆனோம்.

2013-ஆம் ஆண்டு. தந்தையாருக்கு இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. மருத்துவரிடம் காட்டுவதற்காக, யாம் வாங்கியிருந்த பழைய கார் ஒன்றில் அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம். சாலை நான்கு வழியாகிவிட்டிருந்தது. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றை நெருங்கும் மாலை வேளை. முன்னே ஒரு லாரி மெதுவாகச் செல்லக் கண்டு கியர் குறைக்க முனைந்தோம். 'டக்' என்றொரு ஒலி. கிளட்ச் பெடல் கீழே விழுந்தது.

எம் மனம் கலங்குவதற்குள் அருகிலிருந்து குரல் வந்தது. "ஒயர் போச்சு. இருட்டுற நேரம், இந்த ரோட்டுல நடுவழியில நிக்காத. விளக்கப் போட்டு ஓரமாவே போ. ஊருக்குள்ள பட்டறை இருக்கும்."

எமக்குக் கண் இருந்தது; செவி இல்லை. அவருக்குச் செவி இருந்தது, கண் இல்லை. அபாய விளக்கை ஒளிரவிட்டு இடப்புறம் ஒதுங்கினோம். "காலைத் தளர்த்து... இப்ப நியூட்ரலுக்கு எடு" என்றார். வந்தது. மூன்றாம் கியருக்கு யாம் கை முழுதும் கொண்டு தள்ளினோம். கியர்ப் பெட்டி அலறியது. எம் உடல் கூசிற்று. அவர் கடிந்துகொள்ளவில்லை. தடவிப் பார்த்து, கியர் ராடின் மேலிருந்த எம் கையின்மேல் தம் கையை வைத்தார். முப்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. "லேசா ரேஸ் கொடு. இன்னும் கொஞ்சம். கேளு... கேளு... இப்ப." எவர் கை தள்ளியது என்று அறியோம். பல்லோடு பல் மோதும் ஓசையின்றிக் கியர் உள்ளே விழுந்தது.

பட்டறை வாயிலில் நியூட்ரலுக்கு இழுத்து, பிரேக் போட்டு நிறுத்தினோம். ஒயர் அறுந்த நிலையில் வந்து சேர்ந்ததைக் கண்ட மெக்கானிக் வியந்து, "பெரியவரே, நீங்க டிரைவரா இருந்தீகளா?" என்று கேட்டார். தந்தையார் உடனே விடை சொல்லவில்லை. எம் முகம் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினார். எம் அனுமதியை நாடுவது போலிருந்தது அந்தத் தயக்கம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பப் படிவத்தின்மேல் நின்ற அந்த விரலை அப்போது யாம் மீண்டும் கண்டோம்.

"ஆமாங்க, முப்பது வருசம் லாரி ஓட்டுனவங்க. என் வாப்பா" என்று யாமே சொன்னோம்.

அவர் முகம் மலர்ந்தது. "இவன் காலேஜுல தமிழ் வாத்தியார்" என்றார் மெக்கானிக்கிடம். எம் தொழிலை அவர் எங்கும் மறைத்ததில்லை.

புரை நீக்கப்பெற்று அவர் ஐந்து ஆண்டுகள் நல்ல பார்வையோடு வாழ்ந்து 2018-இல் மறைந்தார். 'வணிகம்' என்று எழுதியதற்காக அவரிடம் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டோமில்லை. கேட்பதற்குரிய நேரம் தானாகக் கனியும் என்று காத்திருந்துவிட்டோம். கியருக்குப் பொருந்திய அவர் வாக்கு இதற்குப் பொருந்தவில்லை. சில இடங்களில் நாமே முன்சென்று தள்ளத்தான் வேண்டும்.

இன்று வரும் கார்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தாலன்றிச் செல்ஃப் இயங்காது. 2014-இல் நம் நாட்டில் மாருதி செலெரியோ அறிமுகமானது முதல், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார்கள் எளியோர் வாங்கும் விலைக்கும் இறங்கி வந்துள்ளன. மின்சாரக் கார்களில் கிளட்சே இல்லை. எம் தந்தையாரின் இலக்கணம் வழக்கொழிவது உறுதி. அதற்காக வருந்தவில்லை, வழக்கு வீழ்ந்த சொற்களும் நிகண்டில் இடம்பெறுவதைப் போல, அது இம்மலரில் ஒரு மூலையில் இருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் தீப்பெட்டி ஒட்டியவரின் மகள். கடலை மிட்டாய்ப் பாகு காய்ச்சியவரின் மகன். பேருந்து, லாரி, ஆட்டோ ஓட்டுபவரின் பிள்ளைகள். விண்ணப்பத்தில் அந்த இடம் வரும்போது பேனா தயங்கினால் எம்மை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலின் பெயரை முழுமையாக, திருத்தமாக எழுதுங்கள்.

யாமும் இன்று திருத்தி எழுதுகின்றோம். தந்தையின் தொழில்: லாரி ஓட்டுநர்.