அப்பாவின் 486-க்கு ஒரு புது டிஸ்க்

எங்கட வயதுக்காரரின் பெற்றோர் வீட்டு லொஃப்டில், பழைய சூட்கேஸ்களுக்குப் பக்கத்தில், அனேகமாக ஒரு கொம்பியூட்டரும் கிடக்கும். "உது ஒண்டுக்கும் உதவாது, கவுன்சிலுக்குக் குடுத்துவிடுவம்" என்று நாங்கள் சொல்லுவோம். அவையள் விடமாட்டினம். பிடிவாதம் என்று நினைப்போம். பல வீடுகளில் உண்மையான காரணம், அந்தப் பெட்டிக்குள் அவர்கள் எழுதிய தமிழ் இருக்கிறது என்பதுதான்.

என் அப்பாவின் பெட்டி வெம்பிளியில் இருந்தது. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட 486. 1998-இல் மலிவாக வாங்கினார். விண்டோஸ் 95, 420 எம்பி ஹார்ட் டிஸ்க். வேலை முடிந்து வந்து, இரவில் பாமினி எழுத்துருவில் தட்டிக்கொண்டிருப்பார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது அப்பம்மாவும் அந்தக் கூட்டத்தோடு நடந்தவர். எந்த வழியால் போனது, யார் வீட்டில் தங்கியது, எதை விட்டுவிட்டு வந்தது என்று அப்பம்மா பிறகு போனில் சொல்லச் சொல்ல, அப்பா கொப்பியில் குறித்து வைத்துத் தட்டினார். அப்பம்மா இப்ப இல்லை. கொப்பியும் இல்லை. டிஸ்க் மட்டும்தான் மிச்சம். போன வருடம் அதுவும் "டிக், டிக்" என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டால், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடலாம். முதல் வேலை நகல் எடுப்பது. யூஎஸ்பி அடாப்டர்கள் பல இந்தக் காலத்து டிஸ்கை அடையாளம் காணாது. ஐடிஇ சொக்கெட் உள்ள ஒரு பழைய பிசியைத் தேடிப் பிடித்து, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டு, வாசிக்க மறுக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். மூன்று செக்டர்களைத் தவிர எல்லாம் வந்தது.

பிறகு புது டிஸ்க். 1994-இல் வந்த கொம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஐடிஇ பேசத் தெரிந்தது. அதனால் ஒரு சின்ன அடாப்டர் இருந்தால், பழைய மெஷின் அதை ஹார்ட் டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். ஆனால் பெரிய கார்டு வாங்கிவிடாதீர்கள். இந்தக் காலத்து 486-களில் பலவற்றின் பயோஸுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்தான் தெரியும். ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 528 எம்பி. அதற்கு மேல் உள்ள இடம் கண்ணில் படாது, சில வேளை மெஷின் பூட் ஆகாமலே நின்றுவிடும். நான் போட்டது 512 எம்பி கார்டு.

நகலை அப்படியே கார்டில் கொட்டினால் பூட் ஆகாமல் போகலாம். இரண்டின் சிலிண்டர், ஹெட் கணக்கு வேறு. கார்டை 486-இலேயே பூட் ஃப்ளொப்பி போட்டு ஃபோர்மட் செய்து, ஃபைல்களைப் பிறகு லினக்ஸ் பிசியில் வைத்து ஏற்றினேன். டொஸில் ஏற்றினால் விண்டோஸ் 95-இன் நீளமான ஃபைல் பெயர்கள் வெட்டுப்படும். இன்னொன்று: மதர்போர்டில் உருளை வடிவில் ஒரு பேட்டரி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது கசிந்து போர்டையே அரித்துவிடும்.

ஃபைல்கள்தான் வந்துவிட்டனவே, பிறகு ஏன் பழைய மெஷின் என்று கேட்பீர்கள். பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களை ஒட்டிய எழுத்துரு அது. அப்பா "அம்மா" என்று எழுதியது டிஸ்கில் எம், கே, செமிகோலன், கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் குப்பை மாதிரித் தெரியும். அதைக் குப்பை என்றே நினைத்து அழித்த பிள்ளைகள் எத்தனை பேரோ.

யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. "கெ" எழுத, அப்பா கொப்பியில் எழுதுவதைப் போலவே கொம்பை முதலில் தட்டியிருப்பார். யுனிகோடில் "க" முதலில், கொம்பு பின்னால். கருவி இதைத் திருப்பிப் போடும். ஆனால் இடையில் அப்பா ஆங்கிலத்தில் எழுதிய லண்டன் முகவரிகளையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குழப்பிவிடும். எது சரி என்று பார்க்க மூலம் வேண்டும். அப்பா எழுதியதை அவர் எழுதிய மாதிரியே காட்ட அந்த 486 இருக்கிறது.

கார்டு போட்டு முதல் முறை ஓட்டியபோது அப்பா பக்கத்தில் இருந்தார். "சத்தத்தைக் காணேல்லையே தம்பி, ஓடுதோ?" என்று கேட்டார். "லைட் எரியுது அப்பப்பா" என்றாள் என் மகள். அவளும் அவருமாகத்தான் இப்ப ஒவ்வொரு பக்கமாகச் சரி பார்க்கினம். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவர் திருத்துவார். நடுவில் கதை சொல்லுவார். எனக்கே தெரியாத கதைகள்.

வராத மூன்று செக்டர்களில் ஒன்று அப்பம்மாவின் கதைக்குள் விழுந்திருக்கிறது. 512 பைட், பாமினியில் நாற்பது ஐம்பது சொல் வரும். கைதடி தாண்டியதும் கதை அறுந்து, பிறகு சாவகச்சேரியில் தொடர்கிறது. நடுவில் என்ன இருந்தது என்று மகள் கேட்டாள். அப்பா கனநேரம் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். லொஃப்டில் உள்ள டிஸ்க் நாங்கள் வசதியாக வரும்வரை காத்திருக்காது. எழுதியவர்களும் அப்படித்தான். அடுத்த முறை அம்மா அப்பா வீட்டுக்குப் போகும்போது, அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். கார்டும் அடாப்டரும் பிறகு வாங்கலாம்.